கித்தார் விட்டுக்கொடுத்த 4 மில்லிமீட்டர்

மாணவர்களே, வீட்டில் கித்தார் இருந்தால் எடுங்கள். ஓர் அளவுநாடாவும் வேண்டும். ஐந்தாவது கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டுங்கள். சுருதி சரியாக இருந்தால் அது விநாடிக்கு 110 முறை அதிரும். அதுவே நம் ‘ச’.

இனி அதே கம்பியில் 2, 4, 5, 7, 9, 11, 12 ஆகிய ஃபிரெட்டுகளில் வரிசையாக அழுத்தி மீட்டுங்கள். இதுதான் ஏ மேஜர் ஸ்கேல். விரல் இரண்டிரண்டாகத் தாவுகிறது. க–ம, நி–ச ஆகிய இடங்களில் மட்டும் ஒன்றே ஒன்று. (சங்கராபரணம் என்று சிலர் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள்!)

கம்பியின் நீளம் 65 செ.மீ. என வைத்துக்கொள்வோம். 12ஆவது ஃபிரெட் சரிபாதியில், 32.5 செ.மீ.இல் நிற்கும். நீளம் பாதியானால் அதிர்வெண் இருமடங்கு: 220 ஹெர்ட்ஸ். ஆனால், ஃபிரெட்டுகளின் இடைவெளி சமமல்ல. முதல் இடைவெளி ஏறக்குறைய 3.6 செ.மீ.; பிறகு குறுகிக்கொண்டே போகும். ஏனெனில், ஒவ்வொரு ஃபிரெட்டும் அதிர்வெண்ணைக் கூட்டுவதில்லை, 1.0595ஆல் பெருக்குகிறது. கால்குலேட்டரில் 12 முறை பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 2 வரும்.

இங்கேதான் ஒரு சிக்கல். ‘ச’வோடு முழுமையாக இணையும் ‘க’, 5:4 என்ற விகிதத்தில் அமையும். அதற்கு 52 செ.மீ. கம்பி அதிர வேண்டும். 4ஆவது ஃபிரெட்டில் அழுத்தினால் மிஞ்சுவதோ 51.6 செ.மீ.! அதனால் கித்தாரின் ‘க’ எப்போதும் சற்றுத் தூக்கலாகவே ஒலிக்கும்.

இது செய்தவரின் பிழையன்று. 3ஆவது ஃபிரெட்டை ‘ச’ ஆக்கினாலும் ஸ்கேல் அதே அமைப்பில் ஒலிக்க வேண்டுமே! அதற்காகத்தான் அந்த 4 மில்லிமீட்டரை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

‘ப’வில் விலகல் அரை மில்லிமீட்டர்தான். 7ஆவது ஃபிரெட்டில் அளந்து பாருங்கள், உங்கள் அளவுநாடாவுக்கு அது அகப்படுகிறதா?