கிஃப்ட் வாங்க பட்ஜெட் இல்லையா? பக்கத்திலேயே இருக்கு பனை ஓலை... ஆனா அது உண்மையில் ‘சீப்’ தானா?

மாதக் கடைசி. ஆபீஸ் குரூப்பில் ஒரு பர்த்டே, சொந்தத்தில் ஒரு வளைகாப்பு, ரூம்மேட்டுக்குக் கல்யாணம். காக்களூர் தொழிற்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ ஷிஃப்ட் பார்க்கும் இளைஞர்களுக்கு இந்தக் கணக்கு நல்லாவே தெரியும். சரி, கையாலேயே ஏதாவது செஞ்சு கொடுத்துடலாம் என்று யூடியூப்பைத் திறந்தால், க்ளூ கன், கிளிட்டர் ஷீட், சாட்டின் ரிப்பன், கண்ணாடி ஜாடி என்று முதல் வீடியோவே லிஸ்ட் போடுகிறது. அதையெல்லாம் ஃபேன்ஸி ஸ்டோரில் வாங்கி முடிக்கும்போது, ரெடிமேடாகவே ஒண்ணு வாங்கியிருக்கலாம் என்று தோன்றிவிடும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட எளிதான ஒரு பொருள் கண்ணெதிரிலேயே நிற்கிறது: பனை.

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் வழியில் இருக்கும் திருப்பாச்சூரின் பெயரே ஒரு தாவரத்திலிருந்து வந்ததுதான் என்கிறது கோயில் வரலாறு. ‘பாசு’ என்றால் மூங்கில். இங்குள்ள வாசீஸ்வரர் மூங்கில் காட்டில் வெளிப்பட்டவர் என்பது நம்பிக்கை. ஆனால் மூங்கிலைப் பிளந்து, சீவி, கூடை முடைவது புதியவர்களுக்குச் சட்டென்று வராது. ஓலை அப்படியில்லை. ஒரு பிளேடும் ஈரத்துணியும் போதும். குருத்தோலை ஞாயிறு அன்று சர்ச்சில் ஓலைச் சிலுவை மடித்துப் பழகியவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும்.

இதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பொன்னேரி தாண்டினால் பழவேற்காடு. 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர், பறவைகள் வரும் ஏரி என்றுதான் பலருக்குத் தெரியும். அங்கே பனை ஓலைப் பின்னலும் ஒரு வீட்டுத் தொழில். குறிப்பாக முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் ஓலையைச் சாயம் ஏற்றி, பெட்டி, தட்டு, கூடை என்று முடைகிறார்கள். வீக் எண்டில் படகு சவாரிக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் இதை விசாரிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆச்சிகள் முடைந்த கொட்டான்

ஓலைப் பெட்டி என்றாலே கருப்பட்டிக்கடை ஞாபகம்தான் வரும். ஆனால் அதைப் பரிசுப் பொருளாகவே வளர்த்தெடுத்தவர்கள் செட்டிநாட்டுக்காரர்கள். நகரத்தார் வீடுகளில் ஆச்சிகள் தாங்களே உட்கார்ந்து ‘கொட்டான்’ முடைவார்கள். நிறம் ஏற்றிய ஓலை, அதன்மேல் மணியும் நூலும் வைத்து அலங்காரம். கல்யாணத்திலும் மற்ற சடங்குகளிலும் பொருள்களை வைத்துக் கொடுப்பது அதில்தான். பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் வந்தபின் இந்தப் பழக்கம் கிட்டத்தட்ட மறைந்தே போனது. விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளை, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டெடுத்தது. செட்டிநாடு கொட்டானுக்கு இன்று புவிசார் குறியீடும் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆச்சி முடைந்தபோது அது வீட்டுக்கான வேலை, யாரும் மணிக்கணக்கு பார்க்கவில்லை. அதே பெட்டி இன்னொரு பெண்ணின் வருமானமாக மாறும்போது மணிக்கணக்கு பார்த்தே ஆக வேண்டும். இதுக்கு அப்புறம் வரலாம்.

எப்படிச் செய்வது?

ஓலைக்காக மரம் ஏற வேண்டாம், ஏறவும் கூடாது. வடலி எனப்படும் இளம்பனையில் கைக்கு எட்டும் உயரத்திலேயே ஓலை இருக்கும். நிலத்துக்காரரிடம் கேட்டு, ஒரே ஓர் ஓலை எடுத்தால் போதும். நடுக்குருத்தைத் தொடாதீர்கள், அடிக்கடி வெட்டினால் செடி நலிந்துவிடும்.

விசிறி மாதிரி இருக்கும் ஓலையைத் தனித்தனியாகக் கிழித்து, நடுவில் இருக்கும் ஈர்க்கை நீக்க வேண்டும். விளிம்பு கையைக் கிழிக்கும், ஜாக்கிரதை. இரண்டு மூன்று நாள் காய விட்டு, பின்னுவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்தால் ஒடியாமல் வளையும். நிறம் வேண்டுமென்றால், கொதிக்கும் நீரில் சாயம் கலந்து ஓலையைப் போட்டு எடுக்கலாம்.

முதல் முயற்சிக்குச் சின்னப் பெட்டிதான் சரி. ஒரு சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் நீளத்தில் 16 பட்டை. எட்டை நெடுக்காக அடுக்கி, மீதி எட்டைக் குறுக்கே ஒன்று மேல், ஒன்று கீழ் என்று நுழைத்தால் நடுவில் சதுரமான அடிப்பாகம் வந்துவிடும். ஓரங்களில் நீளும் பட்டைகளை மேல்நோக்கி மடக்கி, 37 சென்டிமீட்டர் நீளப் பட்டை நாலைச் சுற்றிலும் ஒவ்வொரு வரிசையாக அதே மாதிரி பின்ன வேண்டும். மூலையில்தான் எல்லோரும் சொதப்புவார்கள். துணி கிளிப் நாலு மாட்டிக்கொண்டால் பட்டை நழுவாது. கடைசியில் நுனிகளை உள்பக்கம் மடித்துச் செருகினால் முடிந்தது. பசை தேவையில்லை.

உள்ளே பட்டர் பேப்பர் போட்டு, கொஞ்சம் கடலை மிட்டாயோ பனங்கற்கண்டோ வைத்தால் கிஃப்ட் ரெடி. ஓலை கிடைக்காதவர்கள் பழைய காலண்டர் தாளை நாலாக மடித்துப் பட்டையாக்கி இதே முறையில் பழகலாம். வயர் கூடையில் ‘சிவன் கண்’ போடத் தெரிந்த அம்மாவோ அத்தையோ வீட்டில் இருந்தால் யூடியூப்பே வேண்டாம்.

சரி, செலவு எவ்வளவு?

ஓலைக்குக் காசில்லை, சாயமும் மிட்டாயும் சில்லறைக் காசு. ஆனால் புதிதாக முடைபவருக்கு ஒரு பெட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 18,000 ரூபாய் சம்பளம், 26 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் ஒரு மணி நேரத்தின் மதிப்பு சுமார் 86 ரூபாய். ஆக, ‘காசே ஆகாத’ அந்தப் பெட்டியின் விலை கிட்டத்தட்ட 260 ரூபாய்! நண்பருக்காகச் செய்யும்போது இது செலவே இல்லை, சந்தோஷமாகக் கொடுத்த நேரம். பிரச்சினை, கடையில் நின்று “சும்மா ஓலைதானே, அம்பது ரூபா போட்டுக் கொடுங்க” என்று கேட்கும்போது வருகிறது. பழகிய கை ஒரு மணி நேரத்திலேயே முடித்துவிடும் என்றாலும், ஓலை வாங்குவது, காய வைப்பது, சாயம் போடுவது, பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் பஸ் செலவு எல்லாம் அந்த அம்பதுக்குள்தான் அடங்க வேண்டும். கையால் செய்தது என்றால் விலை குறைவு என்று நாம் நினைப்பதே, அந்த மணி நேரத்தை நாம் எண்ணாததால்தான்.

எனவே ஒன்றிரண்டு பேருக்குக் கொடுக்க நீங்களே முடையுங்கள். கல்யாணத்துக்கு நூறு ரிட்டர்ன் கிஃப்ட் வேண்டும் என்றால் பழவேற்காட்டுப் பெண்களிடம் ஆர்டர் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஓலை காய்வதற்கும் நாள் வேண்டும்.

மரத்தைப் பற்றியும் ஒரு தகவல். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-ல் வந்த மாநிலத்தின் முதல் வேளாண் பட்ஜெட்டில், பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. பனை விதை விநியோகமும் அதில் இருந்தது.

பெட்டியைக் கொடுக்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிக் கொடுங்கள். மழைக்காலத்தில் ஈரம் பட்டால் ஓலையில் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, அரை நாள் வெயிலில் வைத்தால் சரியாகிவிடும்.