மகன் கேட்ட கிராபிக்ஸ் கார்டு



முன்னாளில் பிள்ளைகள் மிதிவண்டி கேட்டனர். பின்னர் கைப்பேசி கேட்டனர். இப்போது சில இல்லங்களில், "அப்பா, கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும்" என்னும் குரல் கேட்கின்றது. மிதிவண்டியைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்த தந்தைக்கு இப்பொருள் இன்னதென்றே விளங்குவதில்லை. விளங்காத பொருளுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுப்பதா? அல்லது, "விளையாட்டுக்கு வேறு காசா?" என்று ஒரே சொல்லில் மறுத்து விடுவதா? இவ்விரண்டுமே அறிவுடைய வழியல்ல என்பது நமது கருத்து.

நமக்கு நன்கு அறிமுகமான தையற்காரர் ஒருவரின் இல்லத்தில் நிகழ்ந்ததை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். அவருடைய மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு பயில்கின்றான். ஏதோ ஓர் அலுவலகம் கழித்து விற்ற கணிப்பொறி ஒன்றை அவனது படிப்புக்கென வாங்கியிருந்தனர். பகலில் வரைபடம் போடுவான். மாலையில் சிறிது நேரம் விளையாடுவான். ஆனால் விளையாட்டில் படம் விட்டு விட்டு நகர்ந்தது. அடுத்த தெருவில் ஒருவர் ஆர்.எக்ஸ். 580 என்னும் பழைய கார்டை மலிவாகத் தருவதாகச் சொல்லவே, தேர்வுக் கட்டணத்துக்கென்று தாய் கொடுத்த பணத்திலிருந்து 1,000 ரூபாயை எடுத்து முன்பணமாகக் கொடுத்து விட்டான்.

உண்மை வெளிப்பட்ட அன்று மாலை நாம் தற்செயலாக அவ்வீட்டில் இருந்தோம். தந்தையின் முகம் சிவந்திருந்தது. மகனோ தலை நிமிரவில்லை. "பணம் போனது கூடப் பெரிதில்லை. கேட்டால் நான் கொடுக்க மாட்டேன் என்று நினைத்தாயே, தம்பி!" என்றார் தந்தை. "அப்பா, கேட்டால் உங்களுக்குப் புரியாது என்று நினைத்தேன்" என்றான் மகன். இச்சொற்கள் நம் உள்ளத்தைத் தொட்டன. இடைவெளி பணத்தில் அல்ல, புரிதலில் இருந்தது. "கோபிப்பதற்கு முன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்போமே" என்றோம். தந்தையே தையல் இயந்திரத்தின் திருப்புளியை எடுத்து வந்தார்.

இப்பொருள் யாது?

சாதாரண மானிட்டர் ஒன்றில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள் உள்ளன. மொத்தம் 20,73,600. படம் சீராக நகர வேண்டுமாயின் நொடிக்கு 60 முறையேனும் இவை அனைத்தையும் புதிதாக வரைய வேண்டும். அதாவது, நொடிக்குப் பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள்! கணிப்பொறியின் பிராசசர் தேர்ந்த தையற்காரர் நால்வரைப் போன்றது; எவ்வளவு நுணுக்கமான சட்டையையும் தைக்கும். ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரம் பொத்தான் வைக்க அஃது ஏற்றதன்று. எளிய வேலையை நூற்றுக்கணக்கான கைகள் ஒருசேரச் செய்வதற்கென அமைந்ததே கிராபிக்ஸ் கார்டு. 2019ஆம் ஆண்டு வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1650 என்னும் எளிய கார்டில் அத்தகைய கைகள் 896 உள்ளன. இவ்வுவமையைக் கேட்டதும் தந்தையின் முகத்தில் முதன்முறையாகத் தெளிவு பிறந்தது.

முதற் கேள்வி: மின்சாரம் போதுமா?

கார்டு வாங்கும் முன் பார்க்க வேண்டியது கார்டை அன்று. பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளையின் மேல் ஒட்டிய சீட்டை. தந்தை கண்ணாடியை அணிந்து படித்தார்: 240 வாட். கார்டுக்கென்று தனி மின்வயர் ஏதும் அதிலிருந்து வரவில்லை. மதர்போர்டில் கார்டைச் செருகும் இடம் அதிகமாக 75 வாட் வரையே தரும். அதற்கு மேல் வேண்டுமாயின் தனி வயர் வேண்டும். ஆறு முனை வயர் 75 வாட்டும், எட்டு முனை வயர் 150 வாட்டும் தரவல்லவை. மகன் முன்பணம் கொடுத்த ஆர்.எக்ஸ். 580 கார்டோ 185 வாட் வரை உண்ணக்கூடியது. அதை அப்பெட்டியில் இயக்க இயலாது.

"வேறு பவர் சப்ளை மாற்றலாமே?" என்று கேட்கலாம். கடையில் கிடைக்கும் பொதுவான பவர் சப்ளைகளின் வயர் முனை, பல அலுவலகக் கணிப்பொறிகளின் மதர்போர்டுக்குப் பொருந்துவதில்லை. இணைப்பு வயர்களைக் கொண்டு ஒட்டுப் போட்டு, மெல்லிய வயரில் மிகுந்த மின்சாரம் பாயச் செய்வது தீயோடு விளையாடுவதாகும்.

இரண்டாம் கேள்வி: இடம் உண்டா?

துணியை வெட்டுமுன் அளவெடுக்காத தையற்காரர் உண்டோ? பெட்டிக்குள் நீளத்தை அளந்து கொள்க. பல கார்டுகள் பக்கத்து இடத்தையும் அடைத்துக் கொள்ளும். ஒடுக்கமான அலுவலகப் பெட்டிகளாயின் அரை உயரக் கார்டு மட்டுமே நுழையும்.

மூன்றாம் கேள்வி: குறை எங்கே இருக்கின்றது?

விளையாட்டு மெதுவாக ஓடுவதற்குக் கார்டு மட்டுமே காரணமாகாது. ஏற்கெனவே ஒரு கார்டு இருக்கும் வீட்டில் எளிய சோதனை ஒன்றுண்டு. விளையாட்டின் அமைப்பில் படத்தின் அளவைக் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் குறை கார்டில். வேகம் அப்படியே நின்றால் குறை பெரும்பாலும் பிராசசரில். புதிய கார்டு வாங்கியும் பயனில்லை. இம்மகனின் கணிப்பொறியில் கார்டே இல்லை. பிராசசரோடு பிறந்த சிறிய வரைகலைப் பகுதியே இருந்தது. ஆகவே கார்டு வேண்டுமென்பதில் ஐயமில்லை. ஆனால் 8 ஜி.பி. ரேம் ஒற்றைப் பட்டையாக இருந்தது. அதே வகைப் பட்டை இன்னொன்று சேர்த்தால் இரண்டும் இணைந்து இயங்கும். படிப்புக்கும் அது பயன் தரும்.

எதைத் தேர்வது?

தந்தை மகனிடம் ஒரு தாளைக் கொடுத்து, "நீ விளையாடுவதை எழுது" என்றார். மூன்றே பெயர்கள்: வாலரன்ட், கார்களால் பந்தாடும் ராக்கெட் லீக், நம் ஊர்ப் பேருந்துகளையும் ஏற்றி ஓட்டத்தக்க யூரோ டிரக் சிமுலேட்டர் 2. முறையே 2020, 2015, 2012ஆம் ஆண்டுகளில் வந்தவை. பெரிய கார்டைக் கேட்காதவை. இனி வரப்போகும் விளையாட்டுக்கென்று இன்றே கடன்படுவது, வளரப்போகும் பிள்ளைக்கு இன்றே பத்தளவு பெரிய சட்டை தைப்பதை ஒக்கும்.

தனி மின்வயர் வேண்டாத கார்டுகளுள் மூன்றைக் கருதலாம். ஜி.டி.எக்ஸ். 1650க்கு 4 ஜி.பி. நினைவகம்; 75 வாட். ஆனால் அதே பெயரில் ஆறு முனை வயர் கேட்கும் கார்டுகளும் உள்ளன, பார்த்து வாங்குக. 2024இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050இன் 6 ஜி.பி. வகை 70 வாட்டில் இயங்கும், இதனினும் வலியது, விலையும் கூடியது. 2022இல் வந்த ஆர்.எக்ஸ். 6400க்கு 53 வாட்டே போதும். எனினும் மதர்போர்டோடு நான்கு தடங்களில் மட்டுமே பேசுவதால், மூன்றாம் தலைமுறைச் செருகிடம் கொண்ட பழைய பெட்டிகளில் அதன் வேகம் குன்றும்.

நல்ல பவர் சப்ளை உடையோர், 132 வாட் உண்ணும் ஆர்.எக்ஸ். 6600ஐ எண்ணிப் பார்க்கலாம். 8 ஜி.பி. நினைவகம் கொண்ட அதற்கு 450 வாட் பவர் சப்ளை வேண்டும். இன்டெல் நிறுவனத்தின் ஆர்க் கார்டுகள் பழைய பெட்டிகளுக்கு ஏற்றவையல்ல. இன்டெல் பிராசசராயின், அவை முழுத்திறன் காட்டப் பத்தாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும்.

பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஜி.டி. 1030 என்னும் ஒரே பெயரில் இரு பொருள்கள் விற்கப்பட்டன. ஒன்றன் நினைவகம் நொடிக்கு 48 ஜி.பி. கடத்தும், மற்றதோ 17க்கும் குறைவே. மேலும், 2016இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. போன்றவற்றுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வழங்குவதை என்விடியா நிறுவனம் 2025 அக்டோபரோடு நிறுத்தியது.

பழைய கார்டு வாங்குவோர் கவனத்துக்கு

2020க்கும் 2022க்கும் இடையே மின்னணு நாணயம் ஈட்டுவதற்கென இரவு பகலாக உழைத்த கார்டுகள் ஏராளம். 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் நாணயம் தன் முறையை மாற்றிக் கொள்ளவே, அவை பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. எல்லாமே கெட்டுப் போனவையல்ல. ஆயினும் விசிறி தேய்ந்திருக்கக் கூடும். ஆகவே அரைமணி நேரமேனும் விளையாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். திரையில் புள்ளியோ கோடோ தோன்றினால் வேண்டாம். ஜி.பி.யூ.-இசட் என்னும் இலவச மென்பொருளால், பழைய கார்டுக்குப் புதுப்பெயர் சூட்டிய போலிகள் பலவற்றைக் கண்டுபிடிக்கலாம். சோதித்துப் பார்க்க இசையாதவரிடம் முன்பணம் கொடுக்கலாகாது.

தந்தையும் மகனும் கண்ட முடிவு

தந்தை வகுத்த எல்லை 10,000 ரூபாய். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அக்கணிப்பொறியின் பிராசசர் ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 அப்பிராசசரை ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் இல்லை. முதிர்ந்த வீட்டுக்குப் பளிங்குத் தரை போடுவாருண்டோ? ஆகவே சோதித்துப் பார்த்த பழைய ஜி.டி.எக்ஸ். 1650 ஒன்றும், 8 ஜி.பி. ரேம் பட்டை ஒன்றும் எல்லைக்குள் வாங்கினர். நாளை வேறு பெட்டி வாங்கினாலும் அக்கார்டு அதற்கும் உதவும்.

முன்பணத்தை என் செய்வது? மகன் தானே சென்று நடந்ததைச் சொன்னான். கார்டை விற்கவிருந்தவர் 500 ரூபாயைத் திருப்பித் தந்தார். எஞ்சிய 500க்காக விடுமுறை நாள்களில் கடையில் அமர்ந்து பொத்தான் தைத்தான். தேர்வுக் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டது.

கார்டைப் பொருத்திய மாலையில் திரை இருண்டே கிடந்தது. தந்தையும் மகனும் திகைத்து நிற்க, பின்புறம் எட்டிப் பார்த்த தாய், "தம்பி, வயரைப் பழைய ஓட்டையிலேயே செருகியிருக்கிறாயே! புதுசில் மாற்று" என்றார். மாற்றியதும் திரையில் ஒளி வந்தது. அன்றிரவு முதற்பேருந்தை ஓட்டியவர் தந்தையே. இரண்டு மரங்களில் மோதினார் என்பது வேறு செய்தி.

பெற்றோரே! பிள்ளை கேட்கும் பொருள் உங்களுக்குப் புரியவில்லையெனில், "எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். இளைஞரே! உங்கள் தந்தைக்குப் புரியாதென்று நீங்களே முடிவு செய்யாதீர். பெட்டியை இருவருமாகத் திறந்து பாருங்கள். 240 வாட் என்னும் சீட்டைப் படிக்க ஒரு திருப்புளியும் ஒரு கண்ணாடியுமே போதுமாயிருந்தன.