எலினோர் ராத்போன்

எலினோர் ராத்போன் (12 மே 1872 – 2 ஜனவரி 1946) பிரிட்டனின் சமூகச் சீர்திருத்தவாதி. லிவர்பூல் நகரசபை உறுப்பினராக ஏறத்தாழ கால் நூற்றாண்டும், நாடாளுமன்ற உறுப்பினராக இறக்கும்வரையும் பணியாற்றினார். இரண்டிலும் கட்சி சாராத சுயேச்சை. பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை பிரிட்டனில் சட்டமானதற்கு முதன்மைக் காரணமானவர்.

தந்தை வில்லியம் ராத்போன் லிவர்பூலின் செல்வந்தர், லிபரல் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். எலினோர் ஆக்ஸ்போர்டின் சோமர்வில் கல்லூரியில் தத்துவம் பயின்றார். பெண்கள் அங்கே படிக்கலாம், தேர்வெழுதலாம். பட்டம் மட்டும் தரமாட்டார்கள். ஊர் திரும்பியவர் துறைமுகக் கூலிகளின் நிலையை ஆராய்ந்து 1904ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். கூலிகளுக்கு நிரந்தர வேலை இல்லை. ஒரு நாள் கூலி கிடைக்கும், மறுநாள் கிடைக்காது. அதனால் இந்த வாரம் கைக்கு எவ்வளவு வரும் என்பது அவர்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாது.

நகரசபை

1907ஆம் ஆண்டுச் சட்டம் பெண்கள் நகரசபைகளுக்குப் போட்டியிட வழிசெய்தது. 1909ல் கிரான்பி வட்டத்தில் வென்று லிவர்பூல் நகரசபையின் முதல் பெண் உறுப்பினரானார் எலினோர். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அப்போது அவருக்கு இல்லை என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். பிரிட்டிஷ் பெண்களில் ஒரு பகுதியினருக்கு அது கிடைக்க 1918 ஆயிற்று.

அவருடைய சிந்தனையைத் தீர்மானித்தது முதல் உலகப்போர். போர்க்களத்துக்குப் போன வீரர்களின் மனைவியருக்கு அரசு பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நேரடியாகப் பணம் கொடுத்தது. லிவர்பூலில் அந்தக் குடும்பங்களைக் கவனிக்கும் பொறுப்பு எலினோரிடம் இருந்தது. வாரந்தோறும் தவறாமல் தாயின் கையில் பணம் சேர்ந்தால் வீடு எப்படி மாறுகிறது என்பதை அவர் அங்கே கண்டார். கூலி என்பது வேலைக்குத் தரப்படுவது, வீட்டில் எத்தனை வாய்கள் என்று அது பார்ப்பதில்லை. பிள்ளை வளர்ப்பது சமூகத்துக்கான உழைப்பு, அதற்கான தொகையைத் தாயிடம் தரவேண்டும் என்பது அவர் வாதம். 1924ல் இதை ஒரு நூலாகவே எழுதினார். தொழிற்சங்கத்தினர் பலர் எதிர்த்தனர். உதவித்தொகையைக் காரணம் காட்டி முதலாளிகள் கூலியைக் குறைப்பார்கள் என்பது அவர்கள் அச்சம். அது வீண் அச்சம் என்று சொல்லிவிட முடியாது.

நாடாளுமன்றம்

1922ல் லிவர்பூலின் கிழக்கு டோக்ஸ்டெத் தொகுதியில் போட்டியிட்டுத் தோற்றார். 1929ல் ஆங்கிலப் பல்கலைக்கழகங்களின் கூட்டுத் தொகுதியில் வென்றார். பட்டதாரிகள் மட்டுமே வாக்களித்த தொகுதி அது. கட்சிப் பின்புலம் இல்லாத ஒருவருக்கு நாடாளுமன்றத்தில் நுழைய இப்படி ஒரு தனிவாசல் தேவைப்பட்டது. தொடர்ந்து அங்கிருந்தே தேர்வானார். ஹிட்லருடனான சமரசத்தை எதிர்த்தார். அகதிகளுக்காக அமைச்சர்களை ஓயாமல் நச்சரித்தார்.

இந்தியக் குழந்தைமணத்தைப் பற்றி 1934ல் நூல் எழுதினார். நோக்கம் நல்லதுதான். ஆனால் இந்தியப் பெண்களுக்காகத் தாங்களே பேசிவிடலாம் என்ற பிரிட்டிஷ் பெண்களின் தோரணை இங்குள்ளவர்களுக்கு உவப்பாக இல்லை. 1929ல் அவர் லண்டனில் கூட்டிய மாநாட்டிலேயே தன்வந்தி ராமராவ் எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தார்.

1945ஆம் ஆண்டுச் சட்டம்

பெவரிட்ஜ் அறிக்கைக்குப் பின் பிள்ளைகளுக்கான உதவித்தொகையை அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் 1945ல் வந்த மசோதாவில் தொகை தந்தைக்கு உரியது என்று இருந்தது. அப்படியே நிறைவேறுவதானால் இத்தனை ஆண்டுகள் தான் கேட்டுவந்த அதே சட்டத்துக்கு எதிராக வாக்களிப்பேன் என்றார் எலினோர். உறுப்பினர்கள் கட்சிக் கட்டுப்பாடின்றி வாக்களிக்க அரசு இசைந்தது. தொகை தாய்க்கு என்று திருத்தப்பட்டது. இரண்டாவது பிள்ளையிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங்.

1946 ஆகஸ்டில் தாய்மார்கள் முதல் தொகையைப் பெற்றனர். எலினோர் அவ்வாண்டு ஜனவரியிலேயே காலமாகியிருந்தார்.