சூடு தாங்காத செல்லப்பிராணி

ரொறன்ரோவின் யூலை வெக்கையை நாங்கள் சமாளித்துவிடுவோம்; வீட்டுத் தொட்டியில் வளரும் அக்சலோட்டலால் முடியாது. மெக்சிக்கோவின் சொச்சிமில்கோ நீர்நிலைகளைத் தாயகமாகக் கொண்ட ஈரூடகவாழி அது. 16 முதல் 18 பாகை செல்சியஸ் நீரே அதற்குச் சுகம். 24ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. செவுள்கள் முன்பக்கம் வளைகின்றனவா, மண்புழுவை நீட்டினாலும் வாய் திறக்கவில்லையா, உடனே வெப்பமானியைப் பாருங்கள். தொட்டியின் மூடியை வலையாக்கி, நீர்ப்பரப்பை நோக்கிச் சிறு மின்விசிறியைத் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று பாகை குறையும். ஐஸ்கட்டியை நேரே போட வேண்டாம்: நகரக் குழாய்நீரில் உள்ள குளோரமினும் கூடவே கரையும். உறையவைத்த தண்ணீர்ப் போத்தலை மூடியோடு மிதக்கவிடுங்கள். மீன்தொட்டி ஹீட்டர் மாத்திரம் வேண்டாம், தை மாதக் குளிரிலும்கூட!