போத்தலில் வளரும் பசுங்கொடி

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில், லயத்து யன்னலோரத்தில் தண்ணீர்ப் போத்தலொன்றில் வளரும் பசுங்கொடியைக் காண்பது அரிதன்று. மணி பிளாண்ட் என வழங்கும் இக்கொடி இருக்கும் வீட்டிலே செல்வம் பெருகும் என்பது பலரது நம்பிக்கை. இதன் தாயகம் பசிபிக் சமுத்திரத்து மூரெயாத் தீவு. வெப்பமும் ஈரமும் இதற்கு உவப்பானவை. ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரியில் இது செழித்து வளர்வதில் வியப்பில்லை.

ஆயின், அப்போத்தல் நீரிலே பிறிதோர் உயிரும் வளரக்கூடும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு, சிறு கலங்களிலே தேங்கிய தெளிந்த நீரை நாடி முட்டையிடும் இயல்புடையது. பால்வெட்டு நின்ற நாட்களில் கவிழ்க்காது விடப்பட்ட இறப்பர்ச் சிரட்டையும் அதற்குப் போதும், பூச்சாடியும் போதும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இந்நுளம்பின் முட்டை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, கலத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். நீர் வற்றினும் பல மாதங்கள் அழியாது; மீண்டும் நீர் பட்டதும் பொரித்துக் குடம்பியாகும். குடம்பி வளர்ந்து நுளம்பாகப் பறந்து செல்ல ஏறத்தாழ ஒரு வாரமே வேண்டும். ஆகவே, குறைந்த நீரை நிரப்பிவிடுவது பராமரிப்பு ஆகாது. நீர்மட்டம் உயரும்போது சுவரிலுள்ள முட்டைகள் நனைந்து பொரிக்கவே அது வழி செய்யும்.

போத்தலில் வளர்ப்போர் வாரத்தில் இருமுறையேனும் நீரை வெறும் நிலத்தில் ஊற்றிவிட்டு, உட்சுவரைத் தேங்காய்த் தும்பினால் நன்கு தேய்த்துக் கழுவுதல் வேண்டும். வேர்களையும் அலசுதல் நன்று. நீருள் அமிழ்ந்த இலைகளைக் கிள்ளிவிடாவிடில் அவை அழுகி நீரைக் கெடுக்கும்.

இதனினும் சிறந்த வழி, கொடியை மண்ணுக்கு மாற்றுவதேயாகும். வெறுமையான பால்மா டின்னின் அடியில் ஆணியினால் சில துளைகளிட்டு, மண்ணும் மணலும் தும்புத்தூளும் கலந்து நிரப்பலாம். கணு ஒன்றேனும் மண்ணுள் அமையுமாறு தண்டை நட வேண்டும். கணுவிலிருந்தே வேர் தோன்றும். மேல்மண் ஒரு விரற்கணு ஆழத்திற்கு உலர்ந்த பின்னரே நீர் ஊற்றுக. ஓயாது நனைந்த மண்ணில் வேர் அழுகும், இலை மஞ்சளிக்கும். டின்னின் கீழே வைக்கும் தட்டிலும் நீர் தேங்கும். ஆதலின், அதனை மணலால் நிரப்பிவிடுதல் நலம்.

ஒற்றை யன்னலுள்ள காம்பிராவின் மங்கலான ஒளியிலும் இக்கொடி பிழைத்துக்கொள்ளும். எனினும் இலையின் பொன்னிற வரிகள் அங்கே மறையக் கூடும். அவ்வரிகளிற் பச்சையம் குறைவு. ஒளி குன்றும்போது செடி முழுப் பச்சை இலைகளையே விடும். யன்னலருகே, நேர் வெயில் படாத இடத்தில் வைப்பின் நிறம் மீளும். இலையைக் கடித்தால் வாயும் நாவும் எரியும். ஆகையால், குழந்தைகளுக்கு எட்டாத உயரமே இதற்குத் தக்க இடம்.

வீட்டுக்கு அழகூட்டும் கொடியை எவரும் எறிந்துவிட வேண்டியதில்லை. நீர் தேங்காது பார்த்துக்கொண்டால், அது நோய்க்கு இடந்தராது நெடுங்காலம் தழைக்கும்.