வாசல் விளக்கும் பத்தாம் வகுப்புக் கணக்கும்

பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் பாடம் நடத்தும்போது எங்கள் வீட்டு மின்கணக்கீட்டு அட்டையை வகுப்புக்கு எடுத்துச் செல்வது என் வழக்கம். ஒருமுறை அதில் இரண்டு மாதப் பயன்பாடு 515 யூனிட் என்று இருந்தது. 500ஐத் தாண்டினால், தாண்டிய 15 யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் கூடுதல் விலைக்கு மாறிவிடும். எதைக் குறைக்கலாம் என்று தேடியபோது கண்ணில் பட்டது, மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை வாசலில் எரியும் பழைய டியூப்லைட்.

அதைக் கழற்றிவிட்டு, ஆள் வந்தால் எரிந்து சற்று நேரத்தில் தானே அணையும் சென்சாரும், அதனுடன் 9 வாட் எல்.இ.டி. பல்பும் பொருத்தினேன். அடுத்த கணக்கெடுப்பில் 480. “சென்சார் 35 யூனிட்டை மிச்சப்படுத்தியிருக்கிறது” என்று வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்தாள்.

“சார், மிச்சமானது சென்சாராலயா, பல்பாலயா?”

உடனே பதில் சொல்ல முடியவில்லை. எல்லோரும் சேர்ந்து கரும்பலகையில் கணக்குப் போட்டோம். டியூப்லைட்டும் அதன் பழைய சோக்கும் சேர்ந்து ஏறத்தாழ 50 வாட். நாளுக்கு 12 மணி நேரம், 60 நாள்: 36,000 வாட் மணி, அதாவது 36 யூனிட். சென்சாரே இல்லாமல் 9 வாட் பல்பு இரவு முழுவதும் எரிந்திருந்தால் 6.48 யூனிட். ஆக, பல்பை மாற்றியதிலேயே 29.5 யூனிட் போய்விட்டது! சென்சார் இருப்பதால் விளக்கு இரவில் மொத்தம் ஒரு மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொண்டோம், அதற்கு 0.54 யூனிட்.

கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். அதே மாணவி விடவில்லை. “பகல்ல சென்சாருக்குக் கரண்ட் வேணாமா சார்?”

வேண்டும். ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க அதற்குச் சிறிது மின்சாரம் தேவை. என் சென்சாரின் அட்டைப்பெட்டியில் அரை வாட் என்று போட்டிருந்தது. 24 மணி நேரம், 60 நாளுக்கு 0.72 யூனிட். விளக்கு எரிவதற்குச் செலவாவதைவிட, காத்திருப்பதற்குச் செலவாவது அதிகம்! இரண்டையும் கூட்டினால் 1.26 யூனிட். சென்சாரின் உண்மையான பங்களிப்பு, இரண்டு மாதத்திற்கு 5 யூனிட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. முந்தைய நாள் நான் சொன்னது தவறு என்று வகுப்பிலேயே ஒப்புக்கொண்டேன்.

அந்த 5 யூனிட்டும் உறுதியில்லை. சென்சாரின் அடியில் மூன்று சிறு திருகுகள் உண்டு: எத்தனை இருட்டில் வேலை செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் எரிய வேண்டும், எவ்வளவு நுட்பமாக உணர வேண்டும். நேரத் திருகை நான் கடைசி வரை திருப்பி வைத்திருந்தேன். தெருநாய்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் விளக்கு பல நிமிடங்கள் எரிந்தது. ஒரு நிமிடமாகக் குறைத்த பிறகுதான் சரியானது.

அது நாயையும் நம்மையும் எப்படி அறிகிறது என்பதும் நல்ல பாடம். வெப்பமான உடலிலிருந்து அகச்சிவப்புக் கதிர்கள் வெளியேறுகின்றன. சென்சாரின் முன்னால் உள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் குமிழ் உண்மையில் பல சிறு வில்லைகளின் தொகுப்பு. நாம் குறுக்கே நடக்கும்போது நம் வெப்பம் ஒரு வில்லையின் பார்வையிலிருந்து அடுத்ததற்கு மாறுகிறது; அந்த மாற்றத்தையே சென்சார் உணர்கிறது. நேராக அதை நோக்கி நடந்தால் மாற்றம் குறைவு. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிர்களைத் தடுத்துவிடும். வகுப்பில் ஒரு மாணவன் சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் கையை ஆட்டினான், விளக்கு எரியவில்லை. கண்ணாடியைத் திறந்ததும் எரிந்தது. பத்து நிமிடம் வகுப்பு என் கையில் இல்லை!

இதே தத்துவம் வீட்டில் வேறு விதமாகத் தெரியவந்தது. கொல்லைப்புறத்திலும் ஒரு சென்சார் விளக்கு போட்டிருந்தேன். மே மாதத்தில் ஒரு நாள் இரவு 8 மணி இருக்கும். அம்மா கழிப்பறைக்குப் போகும்போது விளக்கு எரியவில்லை. படியில் தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, அடி ஏதுமில்லை. பகல் முழுதும் மேற்கு வெயிலில் காய்ந்த சுவர், கிட்டத்தட்ட நம் தோலின் வெப்பத்தில் இருந்தது. பின்னணியும் ஆளும் ஒரே வெப்பத்தில் இருந்தால் சென்சாருக்கு வேறுபாடு தெரியாது. அம்மா மெதுவாக, அதுவும் நேராக அதை நோக்கி நடப்பவர்.

மறுநாளே அந்தச் சென்சாரைக் கழற்றிவிட்டு, 5 வாட் எல்.இ.டி. பல்பைப் போட்டேன். இரவு முழுவதும் எரிகிறது. இரண்டு மாதத்திற்கு 3.6 யூனிட். வாசலில் மட்டும் சென்சார் இருக்கிறது.