மூழ்கும்போது கழன்றுகொள்ளும் கருவி

கப்பலின் மேல்தளத்தில், தலைக்கு மேல் தடையில்லாத இடமாகப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் கூட்டைப் பொருத்தியிருப்பார்கள். உள்ளே இருப்பது 'ஈபெர்ப்'. ஆபத்தை அறிவிக்கும் ரேடியோ கருவி. கையாலும் இயக்கலாம், ஆனால் கப்பல் கவிழும் வேளையில் பொத்தானைத் தேட யாருக்கு நேரம்?

அதற்காகத்தான் கூட்டின் மூடியை ஒரு பிளாஸ்டிக் தண்டால் பிடித்து வைத்திருக்கிறார்கள். கப்பல் நான்கு மீட்டர் ஆழம் போவதற்குள் நீரின் அழுத்தம் ஒரு சவ்வை அமுக்கும். சுருள்வில்லோடு காத்திருக்கும் கத்தி பாய்ந்து தண்டை வெட்டிவிடும். மூடி தெறித்து, கருவி மிதந்து மேலே வரும். கூட்டில் இருக்கும்வரை அலையடித்தாலும் மழை கொட்டினாலும் அது வாய் திறக்காது. ஒரு காந்தம் சுவிட்சை அடக்கி வைத்திருக்கிறது. வெளியே வந்து, அதன் இரு உலோக முனைகளுக்கிடையே கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தியதும் வேலை தொடங்கிவிடும்.

சுமார் 50 விநாடிக்கு ஒருமுறை, அரை விநாடி நேரம், 406 மெகாஹெர்ட்ஸில் ஒரு சமிக்ஞை. சக்தி வெறும் 5 வாட். குறைந்தது 48 மணி நேரம் பேட்டரி தாங்க வேண்டும். ஜிபிஎஸ் இல்லாத கருவியாக இருந்தாலும் இடம் தெரிந்துவிடும். ரயில் நெருங்கும்போது ஒரு மாதிரியும் விலகும்போது வேறு மாதிரியும் அதன் ஊதல் கேட்கிறதல்லவா? தாழ்வான பாதையில் கடந்துபோகும் செயற்கைக்கோளுக்கும் இந்தச் சமிக்ஞையின் அதிர்வெண் அப்படித்தான் மாறித் தெரியும். அந்த மாற்றத்தைக் கணக்கிட்டே சில கிலோமீட்டர் பிசகில் இடத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இதைக் கேட்கும் கோஸ்பாஸ்-சார்சாட் அமைப்பு பனிப்போர்க் காலத்துப் பிள்ளை என்பதுதான் விசேஷம். 1979இல் அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் நான்கும் இதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 1982 ஜூனில் இந்த அமைப்புக்கான முதல் செயற்கைக்கோளை சோவியத் யூனியன் ஏவியது. செப்டம்பரில் அதன் உதவியால் கனடாவில் விமான விபத்தில் சிக்கிய மூவர் மீட்கப்பட்டார்கள். இன்று இந்தியாவும் இதில் உண்டு. பெங்களூரிலும் லக்னோவிலும் தரைநிலையங்கள் அமைந்தன.

பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவிகளால் பெரிய தலைவலி. யார் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாது. 2004இல் அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி அதே அலைவரிசையில் கசிய, மீட்புக் குழு வாசலுக்கே வந்துவிட்டது! 2009 பிப்ரவரியோடு செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதை நிறுத்தின. 406 கருவி தன் அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்புவதால், பதிவு செய்திருந்தால் உரிமையாளருக்கு முதலில் போன் போகும். பெரும்பாலான அழைப்புகள் பொய்யாகவே இருப்பதால் அந்த ஒரு போன் எவ்வளவோ அலைச்சலை மிச்சப்படுத்துகிறது. பேட்டரியைக் கழற்றாமல் பழைய ஈபெர்ப்பைத் தூக்கிப் போட்டால், மீட்புப் படை குப்பைமேட்டைத் தேடிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.